தீபாவளி வரைக்கும் கெடு

எப்போதும்வென்றான் என்பது ஊரின் பெயர். அந்த ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்த பெருமாள்சாமிக்கும் அந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கடையில் உட்கார்ந்தால் அவர் பெரிய ஆள்தான். ஒரு மிளகாய் வத்தலைக் கையில் எடுத்துக் காம்பைக் கிள்ளிப் பார்த்தே எந்த ஊர்க் கரிசலில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். விளாத்திகுளத்து வியாபாரிகள்கூட அவரிடம் வாயைக் கொடுக்க யோசிப்பார்கள். ஆனால் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் காலை வைத்துவிட்டால் அங்கே அவர் மனைவி சொர்ணத்தாய் சொல்வதுதான் சட்டம். அதை எதிர்த்து அவர் ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை.

தோற்ற வழக்குகளின் கட்டுகளெல்லாம் அடுப்படிக்கு மேலே பரணில் இருந்தன. கோவில்பட்டிக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் பெருமாள்சாமி ஏதாவது ஒரு புதுச் சாமானோடுதான் திரும்புவார். புகை வராத அடுப்பு என்று ஒன்று வந்தது. புகை வரவில்லை, நெருப்பும் வரவில்லை. கொசுவைப் பிடிக்கும் ஊதா விளக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் கொசுக்கள் இன்னும் தெளிவாக ஆளைப் பார்த்துக் கடித்தன. அதற்குப் பின் சூரிய அடுப்பு. முற்றத்தில் கண்ணாடியை விரித்து, காலை ஒன்பது மணிக்குப் பருப்பை உள்ளே வைத்தார்கள். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுச் சேவல் வந்து கண்ணாடிக்குள் இன்னொரு சேவலைப் பார்த்துவிட்டது. பகல் முழுக்கச் சண்டை. பருப்பு மூன்று மணிக்கு வெந்தது. சேவலுக்குத்தான் மூக்கில் காயம். அன்று சாயங்காலமே அந்த அடுப்பும் பரணேறிவிட்டது.

இப்படியெல்லாம் வாங்கி வருகிறாரே, கோட்டி பிடித்த மனுஷனோ என்று நினைத்துவிடக்கூடாது. பதினைந்து வயதில் அப்பா கையிலிருந்து தராசை வாங்கியவர். அன்றிலிருந்து முப்பத்தைந்து வருஷமாக அதே பலகையில் உட்கார்ந்து அதே பருப்பை நிறுத்துக் கொடுக்கிறார். கோவில்பட்டிக் கடைத்தெருவில் புதிதாக ஒரு சாமானைப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு, அட்டைப்பெட்டியோடு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவருக்குச் சந்தோஷம். அதுவும் இல்லையென்றால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை.

ரெண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் அவர் சூரிய விளக்கை வாங்க முடிவு செய்தார். கரண்டை வீணாக்கினால் அவருக்குப் பொறுக்காது. ஆள் எழுந்து போனதும் பின்னாலேயே வந்து விளக்கை அணைப்பார். சில சமயம் ஆள் எழுவதற்கு முன்பே அணைத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் மத்தியானம் கடையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபோது மனசு பதறிவிட்டது. தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை மேலேயிருந்து வெயில் வந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. வாங்கி வைக்க ஒரு ஆள் கிடையாது. இத்தனை சரக்கு வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு கடைக்காரன் எப்படிச் சும்மா இருப்பான்?

கோவில்பட்டியிலிருந்து மெக்கானிக் ராஜமணி சாமான்களோடு வந்து இறங்கினான். வீட்டுக்கு மேலே மொட்டைத் தட்டட்டிக்குப் படிக்கட்டு கிடையாது. முற்றத்தில் சாத்தி வைத்த மர ஏணிதான். அதில் ஏறி, தெற்கே பார்த்து இரும்புக் கால் ஊன்றி, கறுப்புக் கண்ணாடிப் பலகையை முடுக்கினான். கீழே பேட்டரி, அதன் மேல் பச்சையும் சிவப்புமாக இரண்டு சின்ன விளக்கு வைத்த ஒரு பெட்டி. முன்னறையில் ஒரு விளக்கு, அடுப்படியில் ஒரு விளக்கு. அந்த இரண்டு இடத்திலும் தொங்கிய பழைய குண்டு பல்புகளை பெருமாள்சாமி கழற்றிக் கடை மேசைக்குள் பூட்டினார். இனி அங்கே மின்சார வாரியத்துக்கு வேலை இல்லை என்று அறிவித்தார்.

"அண்ணாச்சி, இதுல ஒரே ஒரு விஷயந்தான். மேல கண்ணாடி சுத்தமா இருக்கணும். நம்ம ஊருக் கரிசத் தூசி தெரியும்லா? வாரத்துக்கு ஒருக்க ஈரத்துணியால துடைச்சிருங்க. ஒரு கட்டத்தை மறைச்சாலும் மொத்தமும் படுத்துக்கிடும்" என்றான் ராஜமணி.

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார் பெருமாள்சாமி, சொர்ணத்தாய் காதில் விழும்படி. ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறினால் அவருக்குத் தலை கிறுகிறுக்கும் என்பதை ராஜமணியிடம் சொல்லவில்லை. சொர்ணத்தாய்க்கு அது கல்யாணமான வருஷத்திலிருந்தே தெரியும்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பின் பரணைப் பார்த்தாள். "அங்கன இன்னும் ஒரு சாமானுக்குத்தான் எடம் இருக்கு."

"ஏட்டி, இது அந்த மாதிரி இல்ல."

"எல்லாத்துக்கும் இதத்தான் சொன்னீங்க. சரி, தீவாளி வரைக்கும் பாப்போம். ராத்திரி நாம சாப்பிட்டுக் கை கழுவுறதுக்கு முன்னால ஒரே ஒரு நாள் இது அணைஞ்சாலும் பரணுக்குப் போயிரணும். அதுக்கப்புறம் நீங்க கோவில்பட்டி போனா சரக்கை மட்டும் வாங்கிட்டு வீடு வந்து சேரணும். புதுச் சாமான்னு ஒரு ஊசிகூட வரக்கூடாது. சம்மதமா?"

ராஜமணி நின்றுகொண்டிருந்தான். வெளியாள் முன்னால் பின்வாங்க முடியுமா? பெருமாள்சாமி சம்மதம் என்று தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் எதைப் பணயம் வைத்திருக்கிறோம் என்பது உறைத்தது. 

விளக்கு எரிந்தது. ஒரு நாள் இல்லை, ஒரு மாதம் முழுக்க, சாப்பிட்டுக் கை கழுவி, வெற்றிலை போட்டு, ரேடியோச் செய்தி முடியும் வரைக்கும் எரிந்தது. புரட்டாசி தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் ஊர் முழுக்கக் கரண்டு போனபோது தெருவிலேயே அவர் வீட்டு அடுப்படியில் மட்டும் வெளிச்சம் நின்றது. எதிர்த்த டீக்கடைக் கருத்தப்பாண்டிகூட வந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, சூரியனை உள்ள கட்டிப்போட்டு வச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனான். பெருமாள்சாமி அடுப்படி வாசலில் போய் நின்றார். சொர்ணத்தாய் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படி எரியுது பாத்தியா?"

"எரியுது" என்றாள் அவள். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அவ்வளவுதான். ஒரு மாதமாக அவர் காத்துக்கிடந்த பாராட்டு இந்த ஒரு சொல்லோடு முடிந்துவிட்டது. அவர் முகம் வாடிப் போனது. மறுநாள் காலையில் அவள் ஸ்டூல் போட்டு ஏறி, அடுப்படி விளக்கின் மேல் படிந்த கரியை முந்தானையால் துடைத்ததை அவர் பார்க்கவில்லை. கடையில் தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்தார்.

ஆயுதபூஜை வந்தது. அன்றைக்கு பெருமாள்சாமி வீட்டில் பொட்டு வாங்காத சாமான் கிடையாது. தராசு, படிக்கல், அரிவாள்மணை, ஆட்டுரல், மொபெட், கடைக் கதவு, எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை அடித்து, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைப்பார்கள். வைத்த பொட்டை யாரும் துடைக்கக்கூடாது. அது தானாக உதிர வேண்டும். தராசுச் சந்தனம் சில வருஷம் பொங்கல் வரைகூட நிற்கும். பெருமாள்சாமி அந்த வருஷம் பேட்டரிக்கும் பொட்டு வைத்தார், விளக்குகளுக்கும் வைத்தார். அப்போதுதான் அவருக்கு உறுத்தியது. நாள் முழுக்க வெயிலில் நின்று வேலை பார்க்கிறவர் மேலே அல்லவா இருக்கிறார்? அவருக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது நன்றிகெட்டத்தனம் இல்லையா? ஏணியைப் பார்த்தார். ஒரு படி ஏறினார். இறங்கினார். முற்றத்திலேயே நின்று மேலே பார்த்துச் சூடத்தட்டை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கடமை முடிந்தது என்று கடைக்குப் போய்விட்டார்.

மோர் மிளகாய்ச் சுளகோடு அங்கே வந்த சொர்ணத்தாய் இதைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவள் அன்றைக்கு மிளகாய் காயப்போட மேலே போனவள் இறங்கி வரக் கொஞ்சம் நேரமானது.

மூன்றாம் நாள் வினை ஆரம்பித்தது. சாப்பிட்டு வெற்றிலை போடும் நேரத்தில் பெட்டியில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. மறுநாள் அவர் கை கழுவி நிமிரும்போதே விளக்கு பொசுக்கென்று அணைந்தது. கை கழுவிய பிறகுதான், ஆகவே கெடு தப்பியது. ஆனால் நூலிழையில் தப்பியது. மேகம்தான் காரணம் என்று அவர் நினைத்தார். அந்த வருஷம் மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. வானத்தில் மேகம் வந்து கூடும், விதைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கும் சம்சாரிகளுக்கு ஆசை காட்டும், ஒரு தூறல் போடாமல் கலைந்துவிடும்.

ஒப்பந்தத்தில் சாப்பாட்டு நேரம் இன்னதென்று சொல்லவில்லை என்பது அவர் புத்திக்கு அப்போதுதான் பட்டது. வியாபாரி அல்லவா? மறுநாள் எட்டு மணிக்கே உள்ளே வந்து, "ஏட்டி, ரொம்பப் பசிக்குது" என்றார். அடுத்த நாள் ஏழரைக்குப் பசித்தது. அதற்கடுத்து ஏழு மணிக்கு. முன்னறை விளக்கைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்து, கண்ணுக்கு வெளிச்சம் ஆகவில்லை என்று சொன்னார். மிச்சமாகும் கொஞ்சத்தையும் அடுப்படி விளக்குக்குக் கொடுக்கத்தான் இந்த நாடகம்.

ஆச்சரியம் என்னவென்றால், அவர் எப்போது வந்து பசிக்கிறது என்றாலும் சோறு தயாராக இருந்தது. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று சொர்ணத்தாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொழுது இறங்குவதற்குள் சமையலை முடித்து, விளக்கைப் போடாமலே பாத்திரத்தை ஒதுங்கவைத்துவிட்டாள். 'பகலிலேயே முடித்துவிடுகிறாள். என் விளக்கு அவளுக்கு வேண்டாம்' என்று பெருமாள்சாமி உள்ளுக்குள் குமைந்தார். கேட்கத் தைரியம் இல்லை. ஆறரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு மறுபடியும் பசித்து, கடைக்குள் போய் யாருக்கும் தெரியாமல் பொரிகடலையைத் தின்றார்.

"அண்ணாச்சி, கோழி அடையுற நேரத்துக்குக் கடையைச் சாத்துதீங்களே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கருத்தப்பாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"டாக்டர் சொல்லியிருக்காரு" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார்.

தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. சாப்பாட்டை இதற்கு மேல் முன்னால் தள்ளினால் காப்பி நேரத்தில் போய் முட்டும். பெருமாள்சாமி டெலிபோன் பூத்துக்குப் போய் ராஜமணியைப் பிடித்தார்.

"மேல எதுவும் மறைக்குதா அண்ணாச்சி? ஏறிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பளபளன்னு இருக்கு. நீ ஒரு நடை வந்துட்டுப் போயேன்."

"தீவாளி நேரம் அண்ணாச்சி, அதுக்குள்ள முடியாது. ஒங்களால ஏற முடியலன்னா யாரையாச்சும் ஏறிப் பாக்கச் சொல்லுங்க."

யாரையாவது ஏறச் சொன்னால் மாலைக்குள் விஷயம் டீக்கடைக்குப் போய்விடும். டீக்கடைக்குப் போனால் அடுப்படிக்கு வந்துவிடும். ஆகவே மறுநாள் சொர்ணத்தாய் குளத்தூருக்குச் சொந்தக்காரர் வீட்டுச் சடங்குக்கு பஸ் ஏறியதும், பெருமாள்சாமி கடையைச் சாத்தினார். வேட்டியை இறுக்கித் தார்ப்பாய்ச்சினார். ஏணிக்கு முன்னால் நின்று குலதெய்வத்தைக் கும்பிட்டார்.

மூன்றாவது படியில் முற்றம் ஆடியது. ஐந்தாவது படியில் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் எத்தனை படி என்று அவருக்கே தெரியாது. கைக்குச் சுடுகிற சுண்ணாம்புத் தரை தட்டுப்பட்டதும் அதைக் கட்டிப்பிடித்து, தவழ்ந்து, கண்ணைத் திறந்தார்.

கண்ணாடிப் பலகைக்கு ஆயுதபூஜை நடந்திருந்தது. சும்மா ஒப்புக்கு நடந்த பூஜை இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கையகலப் பட்டையாக மூன்று விபூதிக் கோடு. அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். மேல் விளிம்பில் கட்டிய செவ்வந்தி மாலை காய்ந்து கண்ணாடி மேல் சரிந்து கிடந்தது. தராசுக்கும் மொபெட்டுக்கும் வைத்ததை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு சந்தனம் இருக்காது.

பெருமாள்சாமி வாயைப் பிளந்து பார்த்தார். அப்புறம்தான் இன்னொன்றைப் பார்த்தார். இரும்புக் காலுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல், அதற்கு அடியில் மடித்து வைத்த துணி. அவருடைய பழைய வேட்டியில் கிழித்த துண்டு. துவைத்துத் துவைத்து நைந்து போயிருந்தது, கரிசத் தூசியின் கறை மட்டும் போகவில்லை. பக்கத்தில் ஒரு சின்னத் தண்ணீர்ச் செம்பு. அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயால் சொன்ன வேலையை, ஆவணியிலிருந்து வாராவாரம் ஒரு ஆள் செய்திருக்கிறாள். விளக்கு ஒரு மாதம் குறையில்லாமல் எரிந்தது கம்பெனியின் கெட்டிக்காரத்தனம் என்று அவர் டீக்கடையில் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மீறிச் சந்தோஷமும் வந்தது. அந்தச் சூட்டுத் தரையில் உட்கார்ந்து தனியாக அழுதார், சிரிக்கவும் செய்தார்.

துணியைச் செம்பில் நனைத்தார். பொட்டைத் துடைக்கக் கை வரவில்லை. சொர்ணத்தாய் வைத்த பொட்டு. அவர் துணியைப் பிழிந்து பழையபடி மடித்து வைத்தார். சரி, இறங்கலாம் என்று ஏணிப் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். முற்றம் பாதாளத்தில் கிடந்தது. இறங்க முடியாது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

மூன்று மணிக்கு சொர்ணத்தாய் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது கடை சாத்திக் கிடந்தது. முற்றத்துக்கு வந்தாள். மேலேயிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"ஏட்டி, கத்தாத. நாந்தான்."

"ஆத்தாடி! அங்கன எப்படி ஏறுனீங்க?"

"ஏறிட்டேன். எறங்கத்தான் வழி தெரியல."

அவள் பையைக் கீழே போட்டுவிட்டு மளமளவென்று ஏறி வந்தாள். வெயிலில் வாடிப்போயிருந்த அவரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிடிபட்டுவிட்ட முகத்தோடு, "நீங்க கீழயே நின்னு சூடம் காட்டுனீங்க. அது எனக்கு மனசுக்கு ஒப்பல. அதான்" என்றாள்.

"நல்லாத்தான் வச்சிருக்க. ஆனா சந்தனம் வெயிலை மறைக்குது சொர்ணம். அதான் விளக்கு சோந்து போகுது."

அவள் முகம் சுண்டிவிட்டது. "நானா கெடுத்தேன்? மேகமாக்கும்னு நெனச்சேன். பாவம், சாப்பாட்டு வரைக்குமாவது தாக்குப்பிடிக்கட்டும்னு பொழுதோட சமைச்சு வச்சுக்கிட்டு, நீங்க எப்ப வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"விளக்கு உனக்கு வேண்டாம், அதான் பகல்லயே முடிச்சிருதன்னு நான் நெனச்சேன்."

"வேண்டாததுக்கா வாரா வாரம் ஏணியேறுதேன்?" என்று அவள் சீறினாள். சீறிய வேகத்தில் கண் கலங்கிவிட்டது.

 அவள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நனைத்த துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். கண்ணாடி கறுப்பாக மின்னியது. துடைத்த சந்தனத்தில் கொஞ்சம் விரலில் எடுத்து இரும்புக் காலில் வைத்தாள். மிச்சத்தை அவர் நெற்றியில் வைத்தாள். அப்புறம் ஏணியில் தான் முதலில் இறங்கி, அவருடைய பாதத்தைக் கையால் பிடித்து ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தாள். "இன்னும் ஒரு படி. கண்ணத் திறக்காதீங்க. இன்னும் ஒரு படி." முப்பது வருஷத்தில் இதைவிடப் பத்திரமாக அவரை யாரும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

அன்று ராத்திரி வெகு நாளைக்கப்புறம் எட்டரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். துடைத்தாகிவிட்டதே என்ற தைரியம். ஆனால் இரண்டு வாரப் பட்டினி கிடந்த பேட்டரி ஒரு சாயங்கால வெயிலில் நிமிர்ந்துவிடுமா? அவர் இரண்டாவது தடவை சோறு வாங்கி ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கும்போது, அடுப்படி விளக்கு பொசுக்கென்று அணைந்தது.

இருட்டில் அவர் கை சோற்றோடு அப்படியே நின்றது. கை கழுவவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வியாபாரி வாக்குத் தவறக்கூடாது.

"சொர்ணம், அணைஞ்சுட்டு" என்றார். 

"எது?"

"விளக்கு."

 இருட்டில் கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் கேட்டது. அவள் துழாவி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

"எனக்குத் தெரியல. நான் கண்ணை மூடிக்கிட்டு இருக்கேன்" என்றாள் சொர்ணத்தாய்.